சரோஜாவுக்கு, கருப்பனின் எலும்பைப் பற்றி

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. நித்யாவுக்கு வளைகாப்பு முடிந்து பங்குனிக் கடைசியில் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்துவிடுகிறாள், வைகாசியில் பிரசவம் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. நம் மடியில் தூங்கிய பெண்! இங்கே எல்லோரும் நலம். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் நிற்க இடமில்லாத கூட்டம். மயிலம் முருகனைக் கண்குளிரப் பார்த்தேன், நித்யாவின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் எங்கள் நாய் மணியை அழைத்துக்கொண்டு சோலை நகர் வரை நடந்துவிட்டு வருகிறார்.

வந்த கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நீ கடைசியில் எழுதியிருந்த இரண்டு வரிகள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் மிஞ்சும் எலும்பைக் கருப்பனுக்குப் போட்டுவிடுவதாக எழுதியிருக்கிறாய். பச்சை எலும்புதான் நாய்க்கு நல்லது என்று கறிக்கடையில் சொன்னார்களாம், அதையும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். முதலாவதை இன்றோடு நிறுத்திவிடு. இரண்டாவதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

வெந்த எலும்பை ஏன் கொடுக்கக் கூடாது என்கிறேன் என்றால், எலும்புக்கு வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருவது அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம். வேகும்போது அது கரைந்து குழம்பில் இறங்கிவிடுகிறது. குழம்பு கெட்டியாக, ருசியாக இருப்பதே அதனால்தான். மிஞ்சுவது நொறுங்கும் சுண்ணாம்புக் கூடு. நாய் கடித்தால் அது கண்ணாடிச் சில்லு போல உடைகிறது. அந்தச் சில்லுகள் தொண்டையிலோ குடலிலோ குத்தினால் அறுவை சிகிச்சைதான். கோழி எலும்பு இதில் மிக மோசம். போதாததற்குக் குழம்பு எலும்பில் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கின்றன. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. நம் அம்மாக்கள் காலத்தில் தெரு நாய்க்கு எலும்பு போட்டது உண்மைதான். அது சாப்பிட்டபின் எங்கே போய் எப்படிக் கிடந்தது என்று யார் பார்த்தார்கள், சொல்.

இனிப் பச்சை எலும்பு. அதில் கொலாஜன் அப்படியே இருப்பதால் சில்லாக உடைவது குறைவு. ஒட்டியிருக்கும் ஜவ்வையும் குருத்தெலும்பையும் பிய்த்து மெல்லும்போது பல்லில் படிந்த காறையும் தேய்கிறது. கருப்பனைப் போன்ற துடிப்பான நாய்க்கு மெல்லுவதே பெரிய சந்தோஷம். மணி மாட்டு முட்டி எலும்பை முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கண்ணை மூடி மெல்லுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் பச்சையாக இருந்தால் போதும், எதையும் போடலாம் என்று கறிக்கடையில் சொன்னால் நம்பாதே. எந்த எலும்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாட்டின் தொடை எலும்பு அந்த மாட்டையே தாங்கி நின்ற எலும்பு. நாயின் பல்லைவிட அதுதான் ஜெயிக்கும். நாயின் வாயில் இருக்கும் 42 பற்களில், எலும்பை வெட்ட அது பயன்படுத்துவது மேல்தாடையின் இருபக்கமும் உள்ள பெரிய கடைவாய்ப் பல்லை. உடைவதும் பெரும்பாலும் அதுதான், ஒரு பக்கம் பலகையாகப் பெயர்ந்துவிடும். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாது, சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். பின்னால் ஒருநாள் கண்ணுக்குக் கீழே வீங்கும்போதுதான் பல்லின் வேரில் சீழ் கட்டியிருப்பது நமக்குத் தெரியவரும். எங்கள் மருத்துவர் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும், பதியாத எதையும் நாய்க்கு மெல்லக் கொடுக்காதீர்கள் என்றார். அந்தக் கணக்கில் தொடை எலும்பின் நடுத்தண்டு தேறாது. ஆகவே மூட்டு முனையில் குருத்தெலும்பு இருக்கும் வரை மெல்லவிட்டு, வெறும் தண்டு தெரிந்ததும் வாங்கிவிடுகிறேன்.

நல்லி எலும்பை வளையமாக வெட்டி வாங்காதே. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உன் கருப்பன் சிப்பிப்பாறை, நீண்டு ஒடுங்கிய முகம். உள்ளே இருக்கும் மஜ்ஜையை நக்க நாக்கை விடும்போது வளையம் கீழ்த்தாடையில் ஏறி, கோரைப் பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். எங்கள் தெருவில் ஒரு நாய்க்கு அப்படி மாட்டி, மயக்க மருந்து கொடுத்து வெட்டித்தான் எடுத்தார்கள். மஜ்ஜை முழுக்கக் கொழுப்பு வேறு. பழக்கமில்லாத நாய்க்கு வயிற்றுப்போக்கு வரும், சில நாய்களுக்குக் கணையமே வீங்கிவிடும்.

ஆட்டின் கழுத்தெலும்பு, நெஞ்செலும்பு போன்றவை மென்மையானவை. ஆனால் கறிக்கடையில் குழம்புக்கு வெட்டுவது போலத் துண்டு போட்டால் நாய் மெல்லாமல் விழுங்கிவிடும். வெட்டாமல் முழுசாகக் கேள். நாயின் முகத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அதுதான் அளவு. சாப்பாடு போட்டபிறகு கொடு, பசியோடு இருந்தால் அவசரப்பட்டு விழுங்கும். சிமெண்டுத் தரையில் கொடு, பிறகு கழுவிவிடலாம். கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் நீ பக்கத்தில் இருக்க வேண்டும். போட்டுவிட்டு அடுக்களைக்குப் போவதாக இருந்தால் கொடுக்கவே வேண்டாம். வாங்கும்போது வாயிலிருந்து பிடுங்காதே. ஒரு துண்டு அவித்த முட்டையைக் காட்டு, தானாகவே எலும்பை விடும். மறுநாள் மலம் வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தால் எலும்பு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மென்ற எலும்பை நம் ஊர் வெக்கையில் எடுத்துவைக்காதே, அன்றே குப்பைக்குப் போகட்டும்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று எண்ணாதே. சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் குளிரில் உறங்கிக்கிடக்கும், அவ்வளவுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கே கரையைக் கடந்தபோது மின்சாரம் நின்றதே, அப்போது உருகிப்போன எலும்புகளை யோசிக்காமல் தூக்கிப்போட்டேன்.

கறிக்கடையில் அன்பாக ஈரல் ஓரத்தையும் நுரையீரலையும் சேர்த்துப் போடுவார்கள். பச்சையாக அவற்றைக் கொடுக்காதே. ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும், அவை ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் தின்றால் புழு அதன் குடலில் வளர்ந்து, முட்டைகள் மலத்தோடு வெளியேறும். அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டிகள் வளரும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கருப்பனுக்குக் கொடுக்கும் புழு மருந்து நாடாப்புழுவுக்கும் சேர்த்துத்தானா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்.

இவ்வளவும் எழுதியபிறகு, சரோஜா, உன் வீட்டுக்கு நான் சொல்வது இதுதான்: நித்யா வந்து, குழந்தை பிறந்து, ஓரளவு வளரும் வரை பச்சை எலும்பே வேண்டாம். பச்சை இறைச்சியிலுள்ள கிருமிகள் நாயை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். ஆனால் எலும்பு மென்ற வாயால் அது நித்யாவின் கையை நக்கும், அதே தரையில் அவள் நடப்பாள். லிஸ்டீரியா, டாக்ஸோபிளாஸ்மா போன்றவை கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளையையே பாதிக்கும். பச்சிளம் குழந்தைக்குச் சால்மோனெல்லா சாதாரண வயிற்றுப்போக்கோடு நிற்காது. இன்னொன்றும் இருக்கிறது. எவ்வளவு சாதுவான நாயும் எலும்பு வாயில் இருக்கும்போது உறுமும். நித்யாவையும் குழந்தையையும் பார்க்க உறவுக்காரப் பிள்ளைகள் வந்துபோகும் வீடு. ஒரு பிள்ளை கை நீட்டினால் போதும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஊசிக்கு ஓட வேண்டும். கருப்பனுக்கு இந்த ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டதா?

அவனுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நீ வருந்துவாய், தெரியும். ஆட்டெலும்பை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, எலும்பை ஒன்றுவிடாமல் வடித்தெடுத்துவிட்டு, அந்தச் சாற்றைச் சோற்றில் பிசைந்து கொடு. தட்டையே நக்கித் தீர்ப்பான். மெல்லுவதற்கு முழு காரட் கொடுத்துப் பார். கடையில் தொங்கும், தோலில் செய்த எலும்பு வேண்டாம், ஊறி வழுவழுப்பானதும் முழுத்துண்டாக உள்ளே போய்விடும். பல்லுக்குப் பிரஷை விடச் சிறந்தது இல்லை. ஆனால் நம் பற்பசையைத் தொடாதே, சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம்.

இதுவரை தின்ற குழம்பு எலும்பால் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று இந்த வாரம் கவனி. எச்சில் ஒழுகுவது, பாதத்தால் வாயைத் தேய்ப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, முக்கியும் மலம் வராதது, மலத்தில் ரத்தம், இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதே. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் வேலையும் வேண்டாம், அந்த உப்பே கெடுதல், ஏறிவரும் எலும்பு தொண்டையைக் கிழிக்கும். கடலூரில் மருத்துவர் கிடைக்காவிட்டால் வண்டி பிடித்து இங்கே வந்துவிடு. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நானும் கூட வருகிறேன்.

பங்குனி உத்திரம் முடிந்ததும் வருகிறேன். நாய்க்கான பற்பசையும் பிரஷும் வாங்கிக்கொண்டு வந்து, எப்படித் தேய்ப்பது என்று காட்டித் தருகிறேன். நித்யாவுக்குச் சாப்பிட என்ன ஆசை என்று கேட்டு எழுது, செய்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
கமலா