அந்தச் சிறுமி உயிரோடுதான் நிற்கிறாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா காலத்துப் புகைப்படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு படத்துக்குக் கீழே போட்டிருந்த வரி மட்டும் நெருடியது. பத்து வயது இருக்கும், ஒரு சிறுமி நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறாள். பாதங்களுக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றின் அடிப்பாகம் தெரிகிறது. இறந்த சிறுமியைத் தாங்கியில் பொருத்தி நிற்க வைத்து எடுத்த படம் என்று எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் பல வருடமாகச் சுற்றும் கதைதான். நாற்பது வருடம் ஸ்டுடியோ நடத்தியவன் சொல்கிறேன், நடக்காத காரியம்.

இறந்தவரைப் படம் எடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்திலும் இருந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருக்கிறேன். பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, பின்னால் குடும்பமே நிற்கும். உட்கார வைப்பதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிடும். இடுப்பையும் மார்பையும் துணியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவார்கள். அப்படியும் உடம்பு சரியும். மகனோ பேரனோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிற்க வைக்கலாம் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

சரி, அந்தத் தாங்கி எதற்கு? உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். கனமான வார்ப்பிரும்பு அடி, ஏற்றி இறக்க ஒரு கம்பி, உச்சியில் கவட்டை மாதிரி இரண்டு முனை. அந்த முனை பின்மண்டையைத் தொட்டபடி இருக்கும், அவ்வளவுதான். தலை ஆடாமல் இருக்க அந்தத் துணை போதும். மைக் ஸ்டாண்டில் ஓர் ஆளைத் தொங்கவிட முடியுமா?

தலை ஆடக்கூடாது என்பதற்குக் காரணம் அன்றைய தொழில்முறை. ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற இங்கிலாந்துக்காரர் 1851இல் வெளியிட்ட கொலோடியன் முறை அது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படத்தையும் எடுத்து இருட்டறையில் கழுவியும் ஆக வேண்டும். கூரையில் கண்ணாடி பதித்து வெளிச்சத்தை உள்ளே விட்டாலும் சில விநாடிகள் லென்ஸ் திறந்திருக்க வேண்டும், மேகம் போட்டால் இன்னும் கூடுதலாக. ஆர்ச்சர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை; 1857இல் ஏழையாகவே செத்துப்போனார். அவர் புண்ணியத்தில் ஊர் ஊருக்கு ஸ்டுடியோ முளைத்தது. பிரிட்டனின் 1851 கணக்கெடுப்பில் புகைப்படக்காரர் என்று பதிவானவர்கள் 51 பேர். 1861இல் அது 2,500ஐத் தாண்டிவிட்டது. அதற்குள் பாரிஸில் டிஸ்டெரி என்ற புகைப்படக்காரர் ஒரே தகட்டில் பல படம் எடுக்கும் வழியைக் காட்டியிருந்தார். விசிட்டிங் கார்டு அளவில் மலிவாகப் படம் கிடைக்கவே, சாதாரணக் குடும்பங்களும் வரிசையில் நின்றன.

'உயிரற்ற கண்கள்' என்று கட்டுரையில் ஓரிடத்தில் வருகிறது. அதற்கும் கொலோடியன்தான் காரணம். அந்தத் தகட்டுக்கு நீலம் வெள்ளையாகவும், சிவப்பும் மஞ்சளும் கறுப்பாகவும் விழும். நீலக் கண்காரர்கள் பாவம், பேய் பிடித்தவர்கள் மாதிரி வெளிறித் தெரிவார்கள். டச்சிங் செய்பவர், அதாவது படத்தைக் கையால் திருத்துபவர், மை தொட்டுக் கருவிழியைத் தேற்றுவார். அவசரத்தில் செய்தால் பொம்மைக் கண்ணாகிவிடும். நானும் அப்படிக் கெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

அன்று சின்ன ஊர்களில் ஸ்டுடியோ போட்டவர்களில் எனக்குப் பிடித்தவர் விட்பியின் ஃபிராங்க் சட்கிளிஃப். இங்கிலாந்தின் யார்க்ஷயர் கடற்கரை ஊர் அது. வேறோர் ஊரில் கடை வைத்து நொடித்துப்போய்த் திரும்பியவர், ஜெட் பட்டறையாக இருந்து பாழடைந்து கிடந்த இடத்தில் ஸ்டுடியோ போட்டார். ஜெட் என்பது விட்பியில் கிடைக்கும் கறுப்புப் பொருள். துக்கம் காப்பவர்கள் அணியும் நகை அதில் செய்வார்கள். 1861இல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் இறந்து, ராணி கறுப்பு உடைக்கு மாறியதும் அதற்கு ஏக கிராக்கி. சட்கிளிஃபுக்குச் சோறு போட்டது கோடையில் வரும் பயணிகளின் உருவப்படங்கள். அவர் பெயர் இன்று நிற்பதோ ஓய்ந்த நேரத்தில் எடுத்த மீனவர்களாலும் துறைமுகப் பிள்ளைகளாலும். கல்யாண ஆல்பம் போட்டே காலம் தள்ளிய எங்களுக்கு இது புரியும்.

அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் படமே எடுக்கவில்லை என்று சொல்லவில்லை. எடுத்தார்கள், குழந்தைகளைத்தான் அதிகம். படுக்கையில் கிடத்தி, தூங்குவது போல. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. நெகட்டிவ் பார்க்கும் லென்ஸை வைத்து உங்கள் படத்தைத் துழாவினேன். முகம் துல்லியம், நாற்காலி துல்லியம், சட்டையின் பொத்தான்கூடத் துல்லியம். வலது கை விரல்கள் மட்டும் கலங்கியிருக்கின்றன. லென்ஸ் திறந்திருந்த அந்தச் சில விநாடிக்குள் விரலை அசைத்திருக்கிறாள். அடுத்த இதழில் அந்த ஒரு வரியை மட்டுமாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
கடையை மூடிவிட்ட ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
மன்னார்குடி