செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லீக் போட்டிகளும் சிறுவர் பயிற்சி முகாமும் குறித்தபடி நடந்தன. நடுவர் பயிற்சி மழையால் ஒரு வாரம் தள்ளி நடந்தது. செயற்குழு மாதந்தோறும் கூடியது.

இனி, இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். "செயலாளர் மைதானத்தை விற்கப் பார்க்கிறார்" என்று சிலர் பேசுவது என் காதுக்கும் வந்தது. நிலமோ கட்டடமோ பேச்சிலேயே இல்லை. நுழைவாயில் பலகையிலும் டிக்கெட்டிலும் அறிவிப்பிலும் தன் பெயர் வர, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பணம் தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. நான் பேசியது இதைப் பற்றி மட்டும்தான்.

பேசப் போனதற்குக் காரணம் கிழக்கு கேலரியின் கூரை. அரையிறுதி அன்று பெய்த மழையில் தகட்டு ஓட்டைகள் வழியே தண்ணீர் கொட்டியது. ஸ்கோர் எழுதும் பையன் நோட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கோல் விழும்போது மட்டும் எடுத்து எழுதினான். சந்தாப் பணத்தில் அந்தக் கூரையை மாற்ற முடியாது.

நிறுவனம் அனுப்பிய முதல் வரைவில், பழைய பெயர் எந்த ஆவணத்திலும் வரக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. மைதானத்துக்கு இருப்பது சங்கத்தை நிறுவிய பெரியவரின் பெயர். வரைவை அன்றே திருப்பி அனுப்பினேன். அப்புறம் மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன்.

லண்டனில் ஆர்சனல் கால்பந்து கிளப்பின் மைதானம் 2006இல் திறந்த நாளிலிருந்தே விமான நிறுவனத்தின் பெயரில் எமிரேட்ஸ்தான். புது மைதானம், இழக்கப் பழைய பெயர் இல்லை. நியூகாசிலில் அப்படி இல்லை. செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தை 2011இல் கிளப் உரிமையாளரின் விளையாட்டுப் பொருள் கடைப் பெயரில் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா ஆக்கியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டு ஸ்பான்சராக வந்த வோங்கா என்ற கடன் நிறுவனம், பெயர் உரிமையையும் வாங்கிப் பழைய பெயரையே திருப்பித் தந்தது. ஜெர்மனியில் ஹம்பர்க்கின் ஃபோல்க்ஸ்பார்க் மைதானம் 2001 முதல் அடுத்தடுத்து மூன்று நிறுவனங்களின் பெயரைச் சுமந்து, 2015இல்தான் பழைய பெயருக்குத் திரும்பியது. அதே நகரின் செயின்ட் பவுலி கிளப்பில் உறுப்பினர்கள் 2007இல் கூடி, தங்கள் மைதானத்தின் மில்லர்ன்டோர் என்ற பெயரை விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். விற்கக் கூடாது என்பதையும் கூடித்தான் முடிவு செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் மனதுக்குப் பிடித்தது நியூரம்பர்க். 2017இல் ரசிகர்கள் பணம் திரட்ட, ஒரு வங்கியும் சேர்ந்து மைதானத்தின் பெயர் உரிமையை வாங்கி, அந்த ஊர் கிளப்பின் பழைய ஆட்டக்காரர் மாக்ஸ் மோர்லாக்கின் பெயரை வைத்தது.

இவற்றைப் பார்த்து நம் நிபந்தனைகளை எழுதினேன். பெரியவரின் பெயர் முன்னால் வரும், நிறுவனத்தின் பெயர் பின்னால். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கிடையாது. நிறுவனம் திவாலானாலோ மோசடியில் சிக்கினாலோ நாம் உடனே விலகலாம். அமெரிக்காவின் ஹூஸ்டன் பேஸ்பால் மைதானம், மோசடியில் சிக்கித் திவாலான என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் பெயரை 2002இல்தான் இறக்கிவைத்தது. ஐரோப்பிய போட்டிகளில் மியூனிக்கின் அலையன்ஸ் அரீனா ஸ்பான்சர் பெயர் இல்லாமல்தான் அழைக்கப்படுகிறது. அதுபோல மேலமைப்பு நடத்தும் போட்டிகளில் பெயரை மறைக்க நேர்ந்தால் நம்மிடம் பணம் திருப்பிக் கேட்கக் கூடாது என்றும் சேர்த்தேன். வரும் பணம் மைதானத்துக்கு மட்டுமே. மூன்று மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பின், பெயர் வரிசை தவிர மற்றதெல்லாம் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பொதுக்குழுவின் முடிவைக் கேட்டார்கள்.

சிறப்புப் பொதுக்குழுவை இரண்டு முறை கூட்டினேன். இரண்டு முறையும் கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, அதாவது கோரம், சேரவில்லை. இரண்டாவது முறை மாலை ஆறு மணிக்குப் போட்ட நாற்காலிகளை எட்டு மணிக்கு நானும் பொருளாளரும் அடுக்கி வைத்தோம். நிறுவனம் கொடுத்த கெடு முடிந்தது. மறு வாரம் வந்த கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூட அந்த இரண்டு கூட்டங்களுக்கும் வந்தவர் இல்லை. எதிர்ப்பது அவர்கள் உரிமை. அதை மண்டபத்தில் வந்து சொல்லியிருந்தால் மினிட் புத்தகத்தில் ஏறியிருக்கும், எனக்கும் ஒரு வழி தெரிந்திருக்கும். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள், சிலர் மூன்று ஆண்டுகளாக. பாக்கி உள்ளவர்களுக்கு ஓட்டு கிடையாது என்பது நம் விதி.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரம் பொருளாளரிடம் உள்ளது.

தலைவர், பொருளாளர், நடுவர்கள், மைதானப் பணியாளர்கள், நன்கொடையாளர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த சீசனுக்கு முன் மறுபடி பேசலாம் என்று நிறுவனம் எழுதியிருக்கிறது. பொதுக்குழு கூடாமல் இனி ஒரு கடிதமும் அனுப்ப மாட்டேன். எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் கூரையை மாற்ற முடிந்தால் என்னைவிட மகிழ்பவர் யாரும் இருக்க முடியாது. நிலுவைச் சந்தா முழுதும் வந்தால் ஒரு பக்கத் தகடுகளையாவது மழைக்கு முன் மாற்றிவிடலாம். ஞாயிறுதோறும் காலைப் பயிற்சி நேரத்தில் ரசீதுப் புத்தகத்தோடு மைதான வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்