பாப்பா ஆராய்ச்சிக்குப் போகட்டும்

புதுச்சேரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

பாப்பா பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டாள் என்று நீ எழுதியதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. மருத்துவமனையில் கருவி பராமரிக்கும் வேலை கையில் இருக்கும்போது ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாளே, என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். போகட்டும் சேகர். தடுக்காதே.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் செயற்கை இதய வால்வு செய்தார்களே, அதில் முதல் மூன்று மாடல்களும் சரிவரவில்லை. நான்காவதைத்தான் 1990இல் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். டாக்டர்களும் இன்ஜினியர்களும் வருஷக்கணக்கில் சேர்ந்து உழைத்தது அது. அந்த மாதிரி வேலைக்கு ஆசைப்படுகிற பிள்ளையை நாம் எப்படித் தடுப்பது?

ஆனால் வேலை விளம்பரத்தை நிதானமாகப் படிக்கச் சொல். பல்கலைக்கழகங்களில் வருகிற இடங்கள் பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலைதான். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. மூன்று வருஷ ப்ராஜெக்ட்டில் கடைசி எட்டு மாதத்துக்கு ஆள் எடுப்பதும் உண்டு. இன்னும் எத்தனை மாதம் மிச்சம், பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய விடுவார்களா என்று நேர்காணலிலேயே கேட்கட்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். ஆராய்ச்சிக்கு வழிகாட்டப்போகும் கைடிடம் முன்பு இருந்த பிள்ளைகளிடமும் பேசிப் பார்க்கட்டும். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

1996இல் எனக்கு ஏழு மாதம் ஆராய்ச்சி ஸ்டைபண்ட் வராமல் போனது உனக்குத் தெரியும். முந்தின வருஷச் செலவுக் கணக்கு போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணைப் பணம் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. என் அறை வாடகைக்கு முதுநகரிலிருந்து நீதானே மணியார்டர் அனுப்பினாய். பாப்பாவுக்கு ஆறு மாதச் செலவுக்காவது பணம் ஒதுக்கி வை. அவளுக்கு அந்தக் கவலை இருக்கக் கூடாது.

அப்புறம், இன்ஜினியரிங் மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் தகுதி பார்க்கிற கேட் (GATE) தேர்வை எழுதட்டும். 2020 முதல் பயோமெடிக்கலுக்கென்றே தனித் தாள் இருக்கிறது. அந்தத் தகுதியோடு ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023இல் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைக்கான படி தனி.

இன்ஜினியரிங் கல்லூரிகளை மட்டும் பார்க்க வேண்டாம். இங்கே கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. இந்திரா நகரில் கொசு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இருக்கிறது. டெங்கு வைரஸைப் பெருக விடாத வோல்பாக்கியா பாக்டீரியா கொண்ட கொசுக்களை உருவாக்கிவிட்டதாக 2022இல் அவர்கள்தான் அறிவித்தார்கள். பாப்பா படிப்புக்கு நேராகப் பொருந்தாவிட்டாலும், ஆய்வகம் என்றால் எப்படி இருக்கும் என்று அவள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு. கடைசி வருஷ ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டு வரச் சொல். உட்கார்ந்து பயோடேட்டாவைச் சேர்ந்தே எழுதிவிடலாம். சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
ரவி