எழுத்துக்கு அவசரமில்லை, பேச்சுக்கு உண்டு

அன்பு மகள் கயல்விழிக்கு,

வீட்டில் தமிழும் வெளியில் ஜெர்மனும் கேட்டால் குழந்தை குழம்பிவிடுவாளோ என்றும், இப்போதே எழுத்து அட்டைகள் வாங்கிக் காட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். அட்டைகள் பிறகு வரட்டும். அவளிடம் தமிழில் பேசுவதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதே.

கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தியில் நாக்கை மடித்துச் சொல்லும் ‘ட’வையும் பல்லைத் தொட்டுச் சொல்லும் ‘த’வையும் வேறு வேறாக உணர்ந்தன. பத்துப் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவற்றால்தான் அது முடிந்தது. அவற்றின் செவியில் குறை எதுவும் இல்லை. சுற்றிலும் பேசப்படும் மொழிக்குத் தேவையான வேறுபாடுகளில் மூளை கூர்மையடைந்து, தேவையற்றவற்றைப் பொருட்படுத்தாமல் விடுகிறது. நம் ‘பட்டு’ம் ‘பத்து’ம் அந்த வேறுபாட்டில்தான் பிரிகின்றன. உன் மகளுக்கு இப்போது ஏழு மாதம் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பாட்டுக் காணொளிகளைப் போட்டுவிட்டால் போதாதா என்று நீ நினைக்கலாம். அமெரிக்காவின் சியாட்டிலில் பேட்ரிசியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கச் செய்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். நேரில் ஒருவர் அமர்ந்து, விளையாட்டுப் பொருள்களைக் காட்டிப் பேசக் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைத் திரையிலோ ஒலிப்பதிவிலோ கேட்டவை எதையும் கற்கவில்லை. ஆகவே நானும் அப்பாவும் காணொளி அழைப்பில் கொஞ்சுவது எங்கள் மகிழ்ச்சிக்காக இருக்கட்டும்; இப்போதைக்கு அவளுக்குத் தமிழ் உன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

இரு மொழியில் வளரும் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே எண்ணினால் சொற்கள் சற்றுக் குறைவாகத் தெரியலாம்; இரண்டையும் கூட்டினால் பெரும்பாலும் குறைவிராது. குழப்பம் என்று கவலைப்பட இதில் ஒன்றுமில்லை.

எழுத்தின் கதை வேறு. பேச்சைப் போலப் படிப்பு நமக்குப் பிறவியிலேயே அமைந்ததன்று. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண உதவும் பகுதிகளில் ஒரு துண்டை, மூளையின் இடப்பக்கத்தில் பின்புற அடியில், எழுத்துக்காக ஒதுக்கிக்கொள்கிறோம். ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் ஆராய்ந்து 2010-இல் எழுதியபடி, வயது வந்தபின் படிக்கக் கற்றவர்களிடமும் இந்த மாற்றம் நிகழ்கிறது. லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி படிக்கக் கற்றுக்கொடுத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. அவர்களுடைய மூளையின் ஆழ்பகுதிகளுக்கும் பார்வைப் பகுதிக்கும் இடையிலான இணைப்புகூட வலுப்பட்டிருந்தது. எனக்கு இது வியப்பாக இல்லை. 1991-இல் புதுக்கோட்டை அறிவொளி வகுப்புகளில், பகலெல்லாம் கல்லுடைத்துவிட்டு வந்த பெண்கள் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே சென்று, சில மாதங்களில் பேருந்துப் பலகையைத் தாங்களே படித்து ஏறியதைக் கண்டவள் நான். முப்பது வயதில் திறக்கும் கதவு உன் மகளுக்கு ஐந்து வயதில் மூடிவிடாது.

புத்தகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மடியில் வைத்துப் படங்களைக் காட்டி வாசி. ஆனால் வரிகளை முடிப்பதில் குறியாக இராதே. அவள் ‘ங்கா’ என்றால் நிறுத்தி, அவள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லி, மறுபடி அவள் ஒலி எழுப்பும்வரை காத்திரு. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து பாஸ்டன் பகுதியிலிருந்து 2018-இல் வந்த ஆய்வில், கதை கேட்கும்போது மூளையின் மொழிப்பகுதி எவ்வளவு இயங்கியது என்பது, அவர்கள் காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவர்களோடு மாறி மாறிப் பேசிய பேச்சோடுதான் பொருந்தி வந்தது.

மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு. குளிப்பாட்டும் நேரம் அவருடையது என்றாயே, அப்போது அவரும் வாய்விட்டுப் பேசட்டும். கெட்டி அட்டையில் அச்சிட்ட தமிழ்ப் படப்புத்தகங்கள் நான்கைத் தனியே அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா