கொழும்பில் கார் சேல் நடத்தும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது கார் வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசைத் தொடாமல் வைத்திருந்து, 2025 பெப்ரவரியில் மறுபடி கார்கள் வரத் தொடங்கிய பிறகுதான் உங்களில் ஒருவரிடம் ஜப்பானிலிருந்து வந்த, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஒரு ஹைபிரிட் கார் எடுத்தேன். கிட்டத்தட்ட ஐந்து வருடக் காத்திருப்பு. எடுத்த அன்று அம்மா சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, அது நசுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கோயிலுக்குப் போக விட்டார். எங்கள் தொடர்மாடியில் எனக்குக் கார் நிறுத்த இடம் இல்லை, அதனால் இரவில் ஒழுங்கையில்தான் நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே பயம் களவு.

ஆகவே கார் எடுக்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். "அண்ணன், அலாரம் இருக்கா?" பதில் ஒரே வரியில் வந்தது: "எல்லாம் இருக்கு தம்பி, பயப்படாதீங்க, மேலதிகமா ஒன்றும் இலவசமாப் போட்டுத் தாறோம்." நானும் நம்பினேன். எந்தக் கடை, யார் என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் இந்தப் பதிலை அதற்கு முன் ஏறி இறங்கிய மூன்று இடங்களிலும் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வரி போதாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

அலாரம் வேறு, இம்மொபிலைசர் வேறு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகத் தேடித்தான் விளங்கிக்கொண்டேன். அலாரம் சத்தம் போடும், அவ்வளவுதான். இம்மொபிலைசர் சத்தமே போடாது, ஆனால் காரை நகர விடாது: திறப்புக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது, காரின் கணினி அதனிடம் ஒரு கேள்வி கேட்டு, சரியான விடை வந்தால்தான் எஞ்சினுக்கு எரிபொருளும் தீப்பொறியும் கொடுக்கும். பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ அதே வடிவத்தில் ஒரு திறப்பு வெட்டிக் கொண்டுவந்தாலும் கதவு திறக்கலாம், கார் ஓடாது. ஐரோப்பாவில் 1998 இலிருந்து புதுக் கார்களுக்கு இது கட்டாயம், அதன் பிறகு நெதர்லாந்தில் கார்க் களவு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக அங்கே ஆய்வு செய்தவர்கள் கணக்குக் காட்டினார்கள். கனடா 2007 இல் கட்டாயமாக்கியது. அமெரிக்கா ஆக்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்று பாருங்கள். ஹியுண்டாய், கியா கார்கள் கனடாவுக்கு இம்மொபிலைசரோடு போயின, அதே பெயர் கொண்ட கார்கள் பல அமெரிக்காவில் அது இல்லாமல் விற்கப்பட்டன. ஸ்டியரிங் அடிப்பக்க மூடியைக் கழற்றி, யூஎஸ்பி வயரின் நுனியைச் செருகித் திருப்பினால் ஓடுகிறது என்று 2022 இல் பொடியன்கள் வீடியோ போட்டுப் பரப்ப, நகரம் நகரமாகக் கார்கள் போயின. கடைசியில் 83 இலட்சம் கார்களுக்கு மென்பொருள் மாற்றமும், பலருக்கு இலவச ஸ்டியரிங் லொக்கும் கொடுக்க வேண்டி வந்தது. ஒரே கம்பனி, ஒரே மொடல் பெயர், ஆனால் எந்த நாட்டுக்காகச் செய்தது, எந்த கிரேட் என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறுகிறது. அப்படியிருக்க "எல்லாம் இருக்கு" என்ற பதிலை வைத்துக்கொண்டு வாங்குபவன் என்ன செய்வான்?

இனி அந்த இலவச அலாரத்துக்கு வருகிறேன். கார் கைக்கு வருவதற்கு முதல் நாள் ஒரு வயரிங் பாஸ் வந்து டாஷ்போர்டுக்குக் கீழே படுத்து முக்கால் மணித்தியாலத்தில் வேலையை முடித்தார். அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் யாழ்ப்பாணம் போய், தேரும் தீர்த்தமும் முடிந்து பதினாறு நாளில் திரும்பி வந்தால் கார் செத்துக் கிடக்கிறது. கதவுகூடத் திறக்கவில்லை, திறப்புக்குள் மறைந்திருக்கும் சின்ன இரும்புத் திறப்பை இழுத்தெடுத்துத்தான் திறந்தேன். தெரிந்த ஒரு கராஜில் அளந்து பார்த்தார்கள்: நிறுத்திய காரில் 110 மில்லி அம்பியர் மின்சாரம் பற்றரியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. சாதாரணமாக 50க்குள் இருக்க வேண்டியது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 2.6 அம்பியர் மணி. ஹைபிரிட் காரின் 12 வோல்ட் பற்றரி சின்னது, என்னுடையது 35 அம்பியர் மணி, இரண்டு கிழமை தாங்காது. பெரிய ஹைபிரிட் பற்றரி பின்னால் முழுதாக இருந்தும் பயனில்லை, இந்தச் சின்னது செத்தால் கார் எழும்பாது.

அதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம். அந்த அலாரத்தின் எஞ்சின் கட் ரிலேயை, அதாவது எஞ்சினை ஓட விடாமல் தடுக்கும் சின்ன மின் சுவிட்சை, எரிபொருள் பம்புக்குப் போகும் வயரை வெட்டி நடுவில் சொருகியிருந்தார்கள். சாதாரணக் காரில் ஸ்டார்ட்டர் வயரில் போடலாம், அது பழுதானால் கார் ஸ்டார்ட் ஆகாது, வீட்டு வாசலிலேயே நிற்கும், பரவாயில்லை. ஹைபிரிட்டில் வெட்டுவதற்கு அப்படி ஒரு ஸ்டார்ட்டர் வயர் இல்லை, ஆகவே பம்பில் கை வைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ரிலே விட்டுப்போனால்? தெற்கு அதிவேகப் பாதையில் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, பின்னால் பஸ் வரும்போது எஞ்சின் அறுந்தால்? கைபேசியிலிருந்து எஞ்சினை நிறுத்தலாம் என்று சொல்லி விற்கும் மலிவான ஜிபிஎஸ் கருவிகளிலும் இதே வேலைதான் நடக்கிறது. கார் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி நல்லது, நானும் பிறகு ஒன்று வாங்கினேன், ஆனால் அது இடத்தைக் காட்டினால் போதும், பம்பைத் தொட வேண்டாம் என்று சொல்லித்தான் போட்டேன்.

இவ்வளவும் செய்தும் அந்த அலாரம் எங்கள் ஒழுங்கையில் நடக்கும் களவுக்கு உதவவில்லை. கொழும்பில் தெருவில் கார் விடுபவர்கள் எல்லோருக்கும் தெரியும், பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடிதான் முதலில் போகிறது. ஜப்பான் கார்களோடு வரும் அலாரம் பெரும்பாலும் கதவைத் திறந்தால்தான் ஹோர்ன் அடிக்கும், கண்ணாடியைக் கழற்றினால் அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்கு அதிர்வு சென்சர் வேண்டும். என் இலவச அலாரத்தில் அது இருந்தது, ஆனால் உச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், காலி வீதியிலிருந்து ஒரு லொறி திரும்பி வந்தாலும் கத்தும், மழைக்கால இடிக்குக் கத்தும், சித்திரை வருடப்பிறப்பு வெடிக்கு விடிய விடியக் கத்தும். மூன்றாம் மாடியில் இருதய நோயோடு இருக்கும் ஒரு ஐயா ஒரு நாள் காலையில் என்னிடம் கோபமே இல்லாமல், "தம்பி, இரவு நித்திரை இல்லை" என்று மட்டும் சொன்னார். எனக்கு அன்று முழுக்க ஒரு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நான் அதை நிறுத்தி வைத்தேன். கொஞ்ச நாளில் யாரும் திரும்பிப் பார்க்காத சத்தமாகிவிடும் அலாரத்தால் யாருக்கு என்ன பாதுகாப்பு? லேசாகத் தட்டினால் ஒரு சின்னக் கீச்சு, பலமாக ஆட்டினால் முழுச் சைரன் என்று இரண்டு கட்டமாக வைக்கலாம். ஐந்து நிமிட வேலை.

ஸ்மார்ட் திறப்பு உள்ள கார்களை விற்கும்போது சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அந்தத் திறப்புக் காரோடு ரேடியோவில் பேசுகிறது, பக்கத்தில் இருந்தாலே போதும், கார் திறக்கும். ஒருவன் வீட்டுக் கதவடியில் ஒரு கருவியோடும் மற்றவன் காரடியில் இன்னொன்றோடும் நின்றால், உள்ளே கொளுவியிருக்கும் திறப்பின் சிக்னலை நீட்டிக் கொண்டுபோய்க் காரை ஏமாற்றலாம். காருக்குத் திறப்பு பக்கத்தில் இருப்பதாகவே தெரியும், ஆகவே இம்மொபிலைசரும் விட்டுக்கொடுத்துவிடும். முன்விளக்கின் பின்னால் இருக்கும் வயரைப் பிடித்து உள்ளே பொய்த் தகவல் அனுப்பித் திருடும் முறையும் 2023 இல் வெளியில் வந்தது, லண்டனில் ஒருவரின் டொயோட்டா ராவ்4 அப்படித்தான் போனது. முதலாவதற்கு மருந்து சுலபம். பல டொயோட்டா ஸ்மார்ட் திறப்புகளில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் சின்ன விளக்கு நான்கு தரம் மின்னும், திறப்பு தூங்கிவிடும், காலையில் எந்தப் பொத்தானையாவது அழுத்தினால் எழும்பும். இது காரோடு வரும் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் எங்களுக்கு வரும் புத்தகம் முழுக்க ஜப்பான் மொழியில்! இரண்டாவதற்கு அவ்வளவு சுலபமான மருந்து இல்லை, அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒரு நல்ல ஸ்டியரிங் லொக் வாங்கி நான் ஒவ்வொரு இரவும் போடுகிறேன். எந்தக் கணினி வித்தைக்கும் அது அசையாது. வெட்டலாம்தான், ஆனால் நேரம் எடுக்கும், சத்தமும் வரும்.

அண்ணன்மாரே, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. காசு கைமாறுவதற்கு முன் ஒரே ஒரு தாளில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், இந்தக் காரில் இம்மொபிலைசர் இருக்கிறதா இல்லையா, அலாரம் எதற்கெல்லாம் அடிக்கும், எத்தனை திறப்புத் தருகிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். திறப்பு ஒன்றுதான் வந்தது என்றால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் களவு போய்க் காப்புறுதியிடம் போனால் இரண்டு திறப்பும் எங்கே என்று கேட்பது வழக்கம், அப்போது விழி பிதுங்குவது வாங்கியவன்தான். இலவசமாக அலாரம் போட்டுத் தருவதை விடுங்கள், அந்தக் காசைக் குறைத்துத் தந்தால் நாங்கள் நல்ல பாஸ் ஒருவரைப் பார்த்து, வயரை வெட்டாமல் சொக்கெட்டோடு பொருந்துவதைப் போட்டுக்கொள்வோம். கட்டாயம் போட்டுத்தான் தருவீர்கள் என்றால், எந்த வயரைத் தொட்டீர்கள், போட்ட பிறகு நிறுத்திய காரில் எவ்வளவு அம்பியர் போகிறது என்று அளந்து எழுதித் தாருங்கள். உங்களிடம் மீற்றர் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை மச்சானுக்குக் கார் பார்க்க உங்கள் பக்கம் வருகிறோம். சீட்டையும் பெயின்டையும் பிறகு பார்க்கலாம். காரை நிறுத்திப் பூட்டிவிட்டு டாஷ்போர்டில் இம்மொபிலைசருக்கான அந்தச் சிவப்புத் திறப்பு விளக்கு மின்னுகிறதா என்று முதலில் காட்டுங்கள், இரண்டாவது திறப்பையும் மேசையில் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் வாடிக்கையாளன் ஒருவன்