‘ரெப்’ நகலெடுக்கும் நொதி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்காளியில் இலைச்சுருட்டை நோயை உண்டாக்கும் ஜெமினி வைரஸ்கள் குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வெள்ளை ஈக்கள் வழியாக நோய் பரவும் விதத்தை அது நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால், ‘ரெப்’ என்னும் புரதத்தை ‘வைரஸின் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி’ என்று குறிப்பிட்டிருந்த வரி பிழையானது.

இந்த வைரஸ்களிடம் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியான டி.என்.ஏ. பாலிமரேஸ் கிடையாது. சுமார் 2,700 எழுத்துகளே கொண்ட வளைய டி.என்.ஏ.வில் அத்தனை பெரிய நொதிக்கான மரபணுவுக்கு இடம் ஏது? நகலெடுப்பது தாவர செல்லின் சொந்த நொதிகள்தாம். ஏறத்தாழ 360 அமினோ அமிலங்களால் ஆன ரெப், அந்த வேலையை வைரஸ் டி.என்.ஏ.வில் தொடங்கிவைக்கிறது, முடிவில் நகலை வளையமாக்கி விடுவிக்கிறது.

அது செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. வைரஸ் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து வரும் சில குறுகிய வரிசைகளை அடையாளம் கண்டு ரெப் அங்கே பற்றிக்கொள்கிறது. அதற்கு அருகில் கொண்டை ஊசி போல மடிந்த பகுதியின் வளைவில் ‘டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி’ என்ற ஒன்பது எழுத்துகள் உள்ளன. அவற்றில் ஏழாவதற்கும் எட்டாவதற்கும் இடையே அது ஒற்றை இழையை வெட்டுகிறது. இதற்கு மக்னீசியம் அல்லது மாங்கனீசு அயனி வேண்டும், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. வேண்டியதில்லை. வெட்டுண்ட முனையிலுள்ள பாஸ்பேட், ரெப்பின் டைரோசின் ஒன்றுடன் (தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டை வைரஸில் அது 103ஆவது அமினோ அமிலம்) சகப்பிணைப்பால் இணைகிறது. அறுந்த பிணைப்பின் ஆற்றல் வீணாகாமல் இந்தப் புதிய பிணைப்பில் தங்கிவிடுவதால், ஒரு சுற்று நகல் முடிந்ததும் முனைகளை ஒட்ட வெளியிலிருந்து ஆற்றல் தேவைப்படுவதில்லை. ஆண்டுதோறும் இதை வகுப்பில் விளக்கும் எனக்கு இந்தச் சிக்கனம் இன்றளவும் வியப்பளிக்கிறது. ஏ.டி.பி. செலவாவது புரதத்தின் பின்பகுதியில். பல ரெப் மூலக்கூறுகள் ஒன்றுகூடும்போது அப்பகுதி டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸாக இயங்குகிறது.

முதிர்ந்த இலையின் செல்களில் பெரும்பாலானவை டி.என்.ஏ. இரட்டிப்பை நிறுத்திவிட்டவை. அங்கே ரெப், செல் சுழற்சியைத் தடுத்துவைக்கும் ரெட்டினோபிளாஸ்டோமா வகைப் புரதத்துடன் பிணைந்து அந்தத் தடையைத் தளர்த்தி, இரட்டிப்பு நொதிகளை மீண்டும் உருவாகச் செய்கிறது.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு வாதாட வேண்டுமா என்று தோன்றலாம். நகலெடுக்கும் நொதி வைரஸுடையது என்று நம்பும் வாசகர், மனிதரைத் தாக்கும் சில வைரஸ்களுக்கு இருப்பதைப் போல அதை முடக்கும் மருந்தொன்றைத் தாவரத்துக்கும் எதிர்பார்ப்பார். இங்கே பாலிமரேஸை முடக்கினால் பாதிக்கப்படுவது தாவரமே. ஆய்வாளர்கள் ரெப் புரதத்தையும் அது பற்றும் டி.என்.ஏ. இடத்தையும் இலக்காகக் கொள்வது இதனால்தான். ஒரு வைரஸின் ரெப் பற்றும் வரிசை இன்னொன்றில் மாறுபடுவதுண்டு என்பதால், ஒரு வகைக்கு எதிரான தடுப்பு மற்றொன்றிடம் தோற்கவும் கூடும். கட்டுரை இதையும் சொல்லியிருக்கலாம்.

எனவே, ‘வைரஸ் டி.என்.ஏ.வின் நகலாக்கத்தைத் தொடங்கிவைக்கும் புரதம்’ என்று அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்