பியானோ கச்சேரியின் நடுவே பக்கத்து மேடை டிரம்ஸ்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

இசை விழா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் விழாவில் நடந்த பியானோ தனிக் கச்சேரி பற்றி ஏற்கெனவே எழுதியிருந்தேன். "கலைஞர் நிகழ்ச்சி நிரலில் உள்ள அனைத்தையும் வாசித்துவிட்டார், ஆகவே பணம் திருப்பித் தர விதியில் இடமில்லை" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவர் வாசித்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களுக்குக் கேட்டதா என்பதுதான் என் கேள்வி. அதற்கு உங்கள் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

முதல் பாதி ஷோபினின் ஓபஸ் 28 தொகுப்பு, பிரெலூட் எனப்படும் சிறு பியானோ துண்டுகள் 24-ம் வரிசையாக. தாமதமாக வருபவர்களை இடைவேளையில்தான் உள்ளே விடுவோம் என்று டிக்கெட்டில் அச்சடித்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு பிரெலூட் முடிந்து கை எடுத்தவுடன் கதவு திறந்து ஒரு கூட்டம் உள்ளே வந்தது. இதில் பல துண்டுகள் ஒரு நிமிடம்கூட ஓடாது, ஏழாவது பிரெலூட் மொத்தமே 16 பார், அதாவது 16 தாளக் கட்டங்கள்தான். எனக்கு முன் வரிசையில் ஒருவர் மொபைல் டார்ச் அடித்து இருக்கை எண்ணைத் தேடி உட்காருவதற்குள் அது முடிந்தே போய்விட்டது. சரி, இதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது பக்கத்து மேடை. இடைவேளையில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் டியூனர் வந்து குனிந்து ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். பியானோவின் நடு, மேல் பகுதிகளில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். அவற்றில் ஒன்று லேசாக இறங்கினாலும் ஒலி அலையடிக்கும், அந்த அலை அடங்கும்வரை காதால் கேட்டுத்தான் அவர் முறுக்க வேண்டும். அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இரவு நிகழ்ச்சிக்கு டிரம்ஸ் சவுண்ட் செக். அந்த மனிதர் இரண்டு முறை நிமிர்ந்து உங்கள் ஊழியரைப் பார்த்தார். ஊழியர் தோளைக் குலுக்கினார். பிறகு டியூனர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார், அந்தக் கட்டை கடைசிவரை அப்படியேதான் ஒலித்தது.

இரண்டாம் பாதியில் ஷூபர்ட், பி பிளாட் மேஜர் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு), அவர் படைப்புப் பட்டியலில் டி 960. 1828-இல், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு எழுதி முடித்தது. நான் டிக்கெட் வாங்கியதே இதற்காகத்தான். தொடக்கத்தில் மெல்லிய ஒரு மெட்டு, எட்டாவது பாரில் இடது கையில் ஆழத்தில் ஒரு ட்ரில் (பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்வரங்கள் மாறி மாறி வேகமாக அதிர்வது), மிக மிகச் சன்னமான ஒலியில், அப்புறம் ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனத்தையும் ஷூபர்ட் எழுதித்தான் வைத்திருக்கிறார். எங்களுக்கு அந்த இடத்தில் கிடைத்தது பேஸ் டிரம்மும் "செக், ஒன், டூ"வும். கலைஞர் ஒரு கணம் கையை மடியில் வைத்துக்கொண்டார், பிறகு தொடர்ந்தார். அவருக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை.

மைக் வைத்துச் சத்தத்தைக் கூட்டியிருக்கலாமே என்று உங்கள் உதவி எண்ணில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஐயா, "ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசை" என்று விளம்பரம் போட்டதே நீங்கள்தான். எந்த மேடையில் எப்போது என்ன நடக்கும் என்று அட்டவணை போட்டதும் நீங்கள்தான், வெளியார் யாரும் வந்து தட்டவில்லை. இயற்கைச் சீற்றம், மின்தடை பற்றிய விதிகளை இதற்கு மேற்கோள் காட்டுவது எந்த நியாயம்?

டிக்கெட் பணத்தில் பாதியைத் திருப்பித் தாருங்கள். சொனாட்டா முழுக்கக் கெட்டுப்போனது, அதனால் பாதி என்பது குறைவான கணக்குத்தான். அடுத்த ஆண்டுக்கான அட்டவணையில் பியானோ கச்சேரியும் அதன் இடைவேளையும் முடியும்வரை பக்கத்து மேடையில் சவுண்ட் செக் கிடையாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். அந்த டியூனரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், நான் சொல்வது சரியா என்று அவரே சொல்வார்.

இருக்கை எண்ணும் டிக்கெட் நகலும் இணைத்திருக்கிறேன். என் முதல் புகாரை, நான் பதிலைப் படிப்பதற்கு முன்பே, "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று கேட்டீர்கள். இதையும் அப்படி மூட வேண்டாம்.

இப்படிக்கு,
நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ரசிகர்